விழும் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் ஏதோ இருக்கிறேன். நீ, அத்தான், பிள்ளைகள் இருவரும் சுகம்தானே? அங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது என்று அண்ணன் சொன்னான். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. நான் அதைத் தொட்டால் போதும், அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என்னை அங்கே கூப்பிட்டுக்கொள்வாயா? அம்மா போன பிறகு இந்த வீட்டில் என் இடம் துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே சுருங்கிவிட்டது. மெஷின் ஓடினால் நானும் சேர்ந்து ஆடுகிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அண்ணிக்கு ஒரு சித்தப்பா இருக்கிறாரே, அவர் இப்போது படுத்த படுக்கை. கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்து ஆள் மேல் வீசுவாராம். பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் ஒருத்தி விடாமல் ஓடிவிட்டார்கள். வருஷக் கடைசியில் என்னை அங்கே அனுப்புவதாக முடிவு செய்துவிட்டார்கள். "சும்மாதானே இருக்கா, போய் இருக்கட்டுமே" என்றான் அண்ணன். அம்மாவுக்கு இத்தனை வருஷம் பீ மூத்திரம் அள்ளியதும் அவன் கணக்கில் சும்மா இருந்ததுதான் போலிருக்கிறது.

நீ வேலைக்குப் போகிறாய். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகச் சொன்னாய். அந்த ஆள் நானாக இருக்கக் கூடாதா? உன்னிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

நீ வைத்த பெயரிலேயே இன்னும் இருக்கும்,
சுண்டெலி

பிப்ரவரி 20

என் செல்லச் சுண்டெலிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? முடி கொட்டுவது நின்றதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வேளை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னைக் கூப்பிட எனக்கு ஆசை இல்லாமலா? ஒரே ஒரு சங்கடம்தான். இது சைக்கிள் ஊர். தெரு ஓரமெல்லாம் சைக்கிளுக்கென்று சிவப்பாகத் தனிப் பாதை. தெரியாமல் அதில் நடந்துவிட்டால் மணியடித்தே நம்மை ஓரம் கட்டிவிடுவார்கள். நீதிபதி கோட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிறார். நிறைமாதக்காரி போகிறாள். பெயிண்டர் தோளில் ஏணியை மாட்டிக்கொண்டு போகிறான். ரயில் நிலையத்தில் சைக்கிள் நிறுத்துவதற்கு மட்டும் மூன்று மாடி. திரும்புவதற்கு முன் கையை நீட்டிக் காட்டாவிட்டால் போலீஸ்காரர் அபராதம் எழுதுவார்.

பள்ளிக்கூடம் தொலைவு. பஸ் கிடையாது. சைக்கிளின் முன்னால் மரப்பெட்டி வைத்து அதில் பிள்ளைகளை உட்கார்த்தி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டேன், இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். சைக்கிள் தெரியாதவள் இங்கே கால் இல்லாதவளுக்குச் சமம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். உனக்கு நாற்பத்தொன்றுதானே ஆகிறது.

ஓட்டத் தெரியும் என்று எழுது. அடுத்த தபாலில் அழைப்புக் கடிதம் வரும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத முட்டி இரண்டும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் எல்லாரும் நலமாக இருங்கள்.

வாடகை சைக்கிள் எடுத்துவிட்டேன். "எந்தப் பிள்ளைக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றதும் முன்பணத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார். வண்டிக்கு என்ன ஆகுமோ என்கிற கவலை அவருக்கு. நான் வேலை பார்த்த அட்டைப் பெட்டி மடிக்கும் கம்பெனி பூட்டிக் கிடக்கிறதே, அதன் பின்னால் இருக்கிற வெற்றிடத்தில்தான் பழகுகிறேன். இந்த ஊரில் சைக்கிளை யார் தொடுகிறார்கள், சொல். பால்காரர், பேப்பர்காரர், இன்னும் மோட்டார் வண்டி வாங்க வக்கில்லாதவர். பள்ளிக்கூடம் முடித்த எந்தப் பெண்ணும் ஏறியதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். "சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று அண்ணி கேட்டாள்.

உனக்கு நினைவிருக்கும். நம் வீட்டில் அண்ணனுக்கு மட்டும்தான் சைக்கிள். நீயும் நானும் எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்து வைப்பதோடு சரி. அவனிடமே போய்ச் சொல்லித்தரச் சொன்னேன். சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டான்.

எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? கேட்க இங்கே ஆள் இல்லை. நீதான் சொல்ல வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சுண்டெலி

ஏப்ரல் 25

செல்லச் சுண்டெலிக்கு,

இங்கே யாவரும் நலம். முட்டிக்கு மருந்து போட்டாயா? உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். கோபித்துக்கொள்ளாதே.

இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமலா ஏறினாய்? எந்தப் பக்கம் சாய்கிறாயோ அதற்கு எதிர்ப்பக்கம் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம், வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம். வேகமாகத் திருப்பு, பயப்படாதே. இங்கே குழந்தைகளுக்கு முதல் பாடமே இதுதான்.

இன்னொன்றும் உண்டு. இங்கே வண்டிகள் எல்லாம் நம் ஊருக்கு நேர்மாறான பக்கத்தில் போகும். அதனால் நீ இப்போதே சாலையின் மறுபக்கத்தில் ஓட்டிப் பழகிக்கொள். இங்கே வந்த பிறகு தடுமாறினால் என் பிள்ளைகளின் உயிர் அல்லவா? எதிரே வருகிறவர்கள் திட்டினால் திட்டட்டும். பெரிய காரியத்துக்குச் சின்ன வசவு.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்கிற கதையாக, வண்டி சரியில்லை சாலை சரியில்லை என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அக்கா

ஜூன் 3

அக்காவுக்கு,

நலமா? இடது கையால் எழுதுகிறேன், அதனால் இது சின்னக் கடிதம்.

வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நீ சொன்னபடிதான் செய்தேன். இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் திருப்பினேன். யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் விழுந்தேன். முதல் சில நாளும் அப்படித்தான் விழுந்தேன். எனக்குத்தான் கை வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தின வாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையின் மறுபக்கமாகப் போனேன். ஓட்ட வராவிட்டாலும் பக்கமாவது பழகட்டும் என்றுதான். பால் வண்டி ஒன்று எதிரே வந்து என் தோளை உரசிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று கேட்டார். அப்புறம் அவரே என் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்திவிட்டுப் போனார்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டு வேலை செய்ய முடியாததால், சித்தப்பா வீட்டுக்கு என்னை முன்னதாகவே அனுப்பிவிடலாமா என்று அண்ணி பேசுகிறாள். தயவுசெய்து கைவிட்டுவிடாதே.

சுண்டெலி

ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். பதில் தாமதமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு விடுமுறை, வீட்டில் ஆள் வரவும் போகவுமாக இருந்தது. கை கூடிவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எலும்புதானே, கூடிவிடும்.

உன் நல்லதுக்காக ஒன்று சொல்கிறேன். எல்லாருக்கும் எல்லாம் வராது. சிலருக்கு உடம்பிலேயே ஒரு சமநிலை இருக்கும். சிலருக்கு இருக்காது. நீ சின்ன வயசிலேயே நடக்கும்போது தடுக்கி விழுகிறவள். உன் மேல் ஆசை வைத்து நான்தான் பெரிய பாரத்தைத் தூக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணியின் சித்தப்பாவைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். எறிந்தால் நகர்ந்துகொள்ள வேண்டியதுதான். அம்மாவைப் பார்த்துக்கொண்ட பழக்கம் உனக்கு இருக்கிறது. தெரிந்த வேலையை விட்டுத் தெரியாத ஊருக்கு வந்து நிற்பானேன்? இங்கே வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள். உனக்கென்று ஒரு கூரை இருக்கிறதே என்று நினைத்துக்கொள்.

உடம்பைக் கவனித்துக்கொள். சைக்கிளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்த முறை உண்மையாகவே நலம். அங்கே எல்லாரும் எப்படி?

அக்கா, எனக்கு ஓட்ட வந்துவிட்டது.

கட்டு அவிழ்த்த மறுவாரமே போனேன். இரண்டு மிதி, மூன்று மிதி. வழக்கம்போல் சாய்ந்தது. மறுபடி கை முறிந்தால் முறியட்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்த நொடியில் என் கை என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்தது. வண்டி நிமிர்ந்துகொண்டது. அப்புறம் விழவே இல்லை. கம்பெனிச் சுவரைச் சுற்றி இருட்டும் வரை ஓட்டினேன். வாய்விட்டு அழுதேன், அக்கா. நாற்பத்தொரு வயசில் முதன்முறையாக என்னை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை, நானே போனேன்.

கை என்ன செய்தது என்பதை உன்னிடம் நேரில்தான் சொல்ல வேண்டும்.

இப்போது கேரியரில் நாற்பது கிலோ மூட்டை வைத்து ஓட்டுகிறேன். ஒரு கையை நீட்டிக்கொண்டு திரும்புகிறேன். மழையிலும் போய்ப் பார்த்துவிட்டேன். இனி அழைப்புக் கடிதம்தான் பாக்கி. அண்ணி என் பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கி வைத்துவிட்டாள்.

ஒரு சின்னச் சந்தேகம். சிக்னலில் நிற்கும்போது நீ எந்தக் காலை ஊன்றுவாய்? எழுது.

சுண்டெலி

செப்டம்பர் 22

செல்லச் சுண்டெலிக்கு,

ஆசிகள். இங்கே எல்லாரும் நலம். உன் கடிதம் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நிஜமாகவா? கீழே விழாமலா? பின்னால் யாரும் பிடிக்காமலா?

நான் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றுவேன். அதுதான் பாதுகாப்பு.

அழைப்புக் கடிதத்துக்கு அவசரம் என்ன? நீ முறையாகக் கற்றுக்கொண்டாயா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதனால் முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாக எழுது. சீட்டு எந்த உயரத்தில் இருந்தது? முதலில் எந்தக் காலை வைத்தாய்? சமதரையிலா, சரிவிலா? சாயும்போது என்ன செய்தாய்? பயம் எப்படிப் போனது? ஒன்று விடாமல் எழுது. எனக்கு எல்லாம் தெரியும், உனக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. என் ஆபீஸ் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் கடிதங்களைக் கிழித்து விளையாடுகிறார்கள்.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் சுகத்தையே நாடுகிறேன்.

உனக்குப் போய் நான் சைக்கிள் சொல்லித்தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் பரீட்சை வைக்கிறாய், எழுதுகிறேன். சீட்டு இடுப்பு உயரம். முதலில் வலது கால் பெடலில். தரை சமமாக இருந்தால் வேகம் கிடைக்காது, வேகம் இல்லாவிட்டால் வண்டி நிற்காது. அதனால் நல்ல சரிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக்கைத் தொடவே கூடாது.

சாயும்போது என்ன செய்தேன் என்று கேட்டாய். நீ சொன்னதைத்தான் செய்தேன். சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், வெடுக்கென்று. நீ எழுதியிருந்தாயே, வேகமாகத் திருப்பு, பயப்படாதே என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நான் கரையேறினேன். உன்னைவிட நல்ல குரு எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

பரீட்சையில் தேறிவிட்டேனா என்று எழுது. இங்கே நாள் நெருங்குகிறது.

என்றும் உன்,
சுண்டெலி

நவம்பர் 19

அன்பு மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. அங்கே அண்ணன், அண்ணி, நீ எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதியே பல வருஷம் ஆகிவிட்டது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்காதான் எழுத வேண்டும், ஆனால் அவளால் இப்போது பேனா பிடிக்க முடியாது.

பதறாதே, உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மணிக்கட்டும் போய்விட்டது. ஆபரேஷன் ஆகிவிட்டது. நடக்க வருஷம் ஆகலாம், பழையபடி நடப்பது சந்தேகம்தான் என்கிறார் டாக்டர்.

எதிலிருந்து விழுந்தாள் தெரியுமா? சைக்கிளிலிருந்து. உனக்கே சிரிப்பு வரும். இத்தனை வருஷமாக அதன் பக்கமே போகாதவள் அவள். வந்த புதிதில் நான் சொல்லித்தருகிறேன் என்றபோது நாலு பேர் பார்ப்பார்கள் என்று மாட்டேன் என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நானும் பிள்ளைகளும் சைக்கிளில் ஏரிக்கரைக்குப் போவோம், இவள் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸில் வந்து சேருவாள். பிள்ளைகள் அவளுக்கு "மூட்டை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெரு முனையில்தான் பள்ளிக்கூடம், ஆளுக்கொரு சைக்கிளில் தாங்களே போய்விடுகிறார்கள். இப்போது யாருக்கும் சொல்லாமல் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி ஆபீஸ் பின்னால் ஒளித்து வைத்துப் பழகியிருக்கிறாள். பாலத்துச் சரிவில் இறங்கும்போது விழுந்திருக்கிறாள். இடப்பக்கம் சாய்ந்ததும் ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தாள் என்று பார்த்தவர் சொன்னார். யாராவது அப்படிச் செய்வார்களா? இங்கே மூன்று வயசுக் குழந்தைகூட விழும் பக்கமே திருப்பும்.

உன்னிடம் ஓர் உதவி. நீ இங்கே வந்து அவளைப் பார்த்துக்கொள்வாயா? வருஷத் தொடக்கத்திலேயே உன்னைக் கூப்பிடலாமா என்று நான் அவளைக் கேட்டேன். "அவ அங்க ராணி மாதிரி இருக்கா, வர மாட்டா" என்றாள். இப்போதும் படுக்கையில் கிடந்துகொண்டு "அவளக் கூப்பிடாதீங்க, அவ மட்டும் வேண்டாம்" என்று அழுகிறாள். உனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அவ்வளவு பாசம், பாவம். நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அழைப்புக் கடிதமும் பயணச்சீட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
அத்தான்

டிசம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, அத்தான் விவரமாக எழுதிவிட்டார். நான் நலம். இந்தக் கடிதத்தை நீயே பிரிக்க முடியாது, அதனால் நானே என் பையில் வைத்துக் கொண்டுவந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். அத்தான் வேலைக்குப் போன பிறகு படிப்பேன், பயப்படாதே.

என் கை அன்றைக்கு என்ன செய்தது என்று நேரில் சொல்வதாக எழுதியிருந்தேன். விழும் பக்கமே திருப்பியது, அக்கா. அவ்வளவுதான் வித்தை. ஒரே ஒரு தடவை சைக்கிளில் ஏறியவளுக்குக்கூட அது தெரிந்திருக்கும். வண்டி நிமிர்ந்த அந்த நொடியிலேயே நீ ஏறியதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு காலையும் சேர்த்து ஊன்றுவேன் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம், சீட்டு என்ன உயரம் என்று நீ கேட்டது ஏன் என்று யோசித்தேன். நீயும் ரகசியமாகப் பழகப் போகிறாய் என்று புரிந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எட்டாது என்று நினைத்து ஒரு கிளையைக் காட்டினாய். நான் எட்டிப் பிடித்ததும் உனக்குப் பொறுக்கவில்லை. நான் வந்து உன் பிள்ளைகள் முன்னால் ஓட்டிக்காட்டிவிடுவேன் என்று பயந்துவிட்டாய்.

உன் பரீட்சைக்கு எழுதிய பதிலைத் தபாலில் போட்டுவிட்டுத் தபால்பெட்டி முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றேன். தபால்காரர் வரும் வரை காத்திருந்து கேட்டால் திருப்பிக் கொடுத்திருப்பார். நான் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். உன்னை நான் தள்ளிவிடவில்லை. நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொன்னேன், ஒரு சரிவை மட்டும் சேர்த்தேன். இடுப்பு போகும் என்று நினைக்கவில்லை. மணிக்கட்டோடு நிற்கும், நீயும் இடது கையால் ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பாய் என்றுதான் நினைத்தேன். அம்மா சத்தியமாக அவ்வளவுதான்.

அண்ணிக்குத்தான் மனம் ஆறவில்லை, சித்தப்பாவுக்கு இனி ஆளுக்கு எங்கே போவாள்? படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்ப்பதுதான் என் தலையெழுத்து என்றால், யாராக இருந்தால் என்ன என்று கிளம்பிவிட்டேன். அந்தக் கிழவருக்கு எறிவதற்குக் கையாவது இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு நானும் ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போவதாக அத்தானிடம் போனில் சொல்லிவிட்டேன். கூடத்தில் எல்லார் முன்னாலும்தான் பேசினேன். நீ வீட்டில் இருக்க வேண்டாம், உன்னையும் கூட்டிக்கொண்டு போவோம். சக்கர நாற்காலி வாங்கி வைத்திருக்கிறாராம். அதில் உட்காருகிறவளுக்கு ஹேண்டில் கிடையாது, அக்கா. பின்னால் நின்று தள்ளுகிறவள் திருப்பும் பக்கம்தான் அது போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று இந்த முறை எழுதப் போவதில்லை. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
சுண்டெலி